மணற்கல்லுக்குள் எண்ணெய் செல்லும் வழியையும் நிற்கும் இடத்தையும் கணிப்பது எப்படி?

படிவுப் படுகைகளின் வரைபடத்தில் மணற்கல்லுக்கு மஞ்சள் நிறம் தீட்டுவது நிலவியலாளர்களின் பழைய வழக்கம். அந்த மஞ்சள் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சீராக இருப்பதால், அது குறிக்கும் பாறையும் அப்படியே இருக்கும் என்ற எண்ணம் நம்மை அறியாமல் மனத்தில் படிந்துவிடுகிறது. தாய்ப்பாறையில் உருவான எண்ணெய் மணற்கல்லுக்குள் நுழையும், மேல்நோக்கி ஏறும், உச்சியில் மூடுபாறைக்கு, அதாவது எண்ணெயை மேலே போகவிடாத பாறைக்கு, அடியில் தங்கும் என்று முதலாண்டில் படித்த பாடமும் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கிறது. பிறகு கிணறு தோண்டிப் பார்க்கும்போது உச்சியில் தண்ணீரும், சரிவின் நடுவில் எண்ணெயும் கிடைத்தால் திகைத்துப் போகிறோம்.

அந்த மஞ்சளைப் பிரித்துப் படிக்கும் முறையை இங்கே சொல்கிறேன். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். எண்ணெய் ஏறிவரும் பாறையில், அறுபடாமல் தொடரும் அகலமான துளைகள் எந்த அடுக்கில் இருக்கின்றன? அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய பாறையில், அறுபடாமல் தொடரும் துளைகளில் மிக அகலமானது எவ்வளவு அகலம்? முதற்கேள்வி எண்ணெயின் பாதையையும், இரண்டாவது அது தேங்கும் உயரத்தையும் முடிவு செய்கிறது. இரண்டுக்கும் சராசரி மதிப்புகள் விடை தருவதில்லை என்பதுதான் இத்தொழிலில் நான் தாமதமாகக் கற்ற பாடம்.

எடுத்துக்காட்டாக, வட கடலின் வடபகுதியில், ஷெட்லாந்து தீவுகளுக்குக் கிழக்கே உள்ள பிரென்ட் மணற்கல் தொகுதியை எடுத்துக்கொள்கிறேன். பிரென்ட் எண்ணெய் வயல் 1971இல் கண்டறியப்பட்டது; சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன், நடு ஜுராசிக் காலத்தில், வடக்கு நோக்கி முன்னேறிப் பின் பின்வாங்கிய ஒரு டெல்டா படியவைத்த மணல் அது. புரூம், ரானக், எட்டிவ், நெஸ், டார்பர்ட் என்று கீழிருந்து மேலாக ஐந்து அடுக்குகள். ஆங்கிலத்தில் இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பிரென்ட் என்ற பெயரே வரும். பெயர் வைத்தவர்களின் குறும்பு மாணவர்களுக்கு நினைவில் வைக்க வசதியாகிவிட்டது. ஒரே பெயரில் அழைக்கப்படும் இந்த ஐந்தும் எண்ணெயிடம் ஐந்து விதமாக நடந்துகொள்கின்றன.

துளையை விட்டுக் கழுத்தைப் பாருங்கள்

கோர் (கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த உருளைப் பாறை) வைத்த பெட்டியைத் திறந்தவுடன் செய்ய வேண்டியது எளியது. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையை எடுத்து, மணல்மணிகளின் அளவையும், அவை ஒரே அளவாக இருக்கின்றனவா, பெரியதும் சிறியதும் கலந்து கிடக்கின்றனவா என்பதையும் பாருங்கள். பிறகு உலர்ந்த பரப்பில் ஒரு சொட்டு நீரை வையுங்கள். நல்ல மணற்கல் அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். கனிமப் பிணைப்பு மிகுந்த இடத்தில் சொட்டு முத்துப்போல் நிற்கும். அரை அடி தள்ளி மீண்டும் ஒரு சொட்டு, மீண்டும் அரை அடி தள்ளி இன்னொரு சொட்டு என்று ஒரு மீட்டர் கோரில் இதைச் செய்து பார்த்தவர், அந்த மீட்டருக்கு ஒற்றை எண்ணைத் தரத் தயங்குவார். இறுதியாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி. நுரைத்தால் அங்கே கால்சைட் பிணைப்பு உள்ளது.

நுண்துளைமையையும் ஊடுருவுதிறனையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நுண்துளைமை என்பது பாறையின் பருமனில் வெற்றிடத்தின் பங்கு. ஊடுருவுதிறன் என்பது அந்த வெற்றிடங்களின் வழியே பாய்மம் (நீர், எண்ணெய், வாயு) நகரும் எளிமை. ஒரே அளவான மணிகளால் ஆன, புதிதாகப் படிந்த மணலில் நுண்துளைமை 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மணி பெரியதா சிறியதா என்பது இந்த எண்ணைப் பெரிதாக மாற்றுவதில்லை. மணிகளின் அளவு கலந்திருந்தால், சிறியவை பெரியவற்றின் இடைவெளியை அடைத்து, நுண்துளைமையை 30 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடும். ஊடுருவுதிறனோ மணியளவின் இருமடியை ஒட்டி மாறுகிறது. மணியின் விட்டம் பாதியானால் ஊடுருவுதிறன் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகும். ஆகவே ஒரே நுண்துளைமை காட்டும் இரண்டு மணற்கற்களில், ஒன்று எண்ணெய்க்கு நெடுஞ்சாலையாகவும் மற்றொன்று முட்டுச்சந்தாகவும் இருக்கக்கூடும்.

இதற்குக் காரணம் துளைகளுக்கு இடையே உள்ள குறுகலான கழுத்து. நீர் ஈரமாக்கிய பாறைக்குள் எண்ணெய்த் துளி நுழைய வேண்டுமானால், அது அந்தக் கழுத்தின் வழியே உருவம் சுருங்கிப் பிதுங்கிச் செல்ல வேண்டும். அதற்குத் தேவைப்படும் அழுத்தத்தை நுழைவழுத்தம் என்கிறோம். இடைமுக இழுவிசையை (எண்ணெயும் நீரும் தொடும் பரப்பின் இழுவிசை) இரண்டால் பெருக்கிக் கழுத்தின் ஆரத்தால் வகுத்தால், தோராயமாக அது கிடைக்கும். அந்த அழுத்தத்தைத் தருவது எண்ணெயின் மிதப்பு: நீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டை, புவியீர்ப்பு முடுக்கத்தாலும், தொடர்ந்து இணைந்திருக்கும் எண்ணெயின் செங்குத்து உயரத்தாலும் பெருக்க வேண்டும்.

ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது. கன சென்டிமீட்டருக்கு உவர்நீரின் அடர்த்தி 1.03 கிராம், எண்ணெயின் அடர்த்தி 0.80 கிராம் என்று கொண்டால், ஒவ்வொரு மீட்டர் எண்ணெய்க்கும் சுமார் 2.26 கிலோபாஸ்கல் மிதப்பழுத்தம் கிடைக்கிறது. இடைமுக இழுவிசை மீட்டருக்கு 25 மில்லிநியூட்டன் எனில், 10 மைக்ரான் ஆரமுள்ள கழுத்தைத் தாண்ட 5 கிலோபாஸ்கல் போதும். அதாவது இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டிய எண்ணெய் உயரம். ஆரம் 1 மைக்ரான் ஆனால் 22 மீட்டர் உயரம் தேவை. 0.1 மைக்ரான் ஆனால் ஏறக்குறைய 220 மீட்டர். நல்ல மணற்கல், வண்டல் கலந்த மணற்கல், களிப்பாறை என்று கண்ணால் பிரித்தறியும் மூன்றும் இந்த மூன்று எண்களில் அடங்கிவிடுகின்றன. கடத்தும் பாறை, தாமதப்படுத்தும் பாறை, மூடும் பாறை என்பவை தனித்தனி இனங்கள் அல்ல. ஒரே அளவுகோலின் வெவ்வேறு இடங்கள். எண்ணெயின் உயரம் போதுமான அளவு வளர்ந்துவிட்டால், இன்று அணையாக நிற்கும் வண்டற்கல் நாளை வழியாகிவிடும்.

எரிவாயுவுக்கு இந்தக் கணக்கைத் தனியாகச் செய்ய வேண்டும். வாயுவின் அடர்த்தி ஆழத்தில் 0.15 என்றும், இழுவிசை 50 மில்லிநியூட்டன் என்றும் கொண்டால், மீட்டருக்கு 8.6 கிலோபாஸ்கல் மிதப்பு கிடைக்கும், 0.1 மைக்ரான் கழுத்து தாங்கும் வாயு உயரம் சுமார் 116 மீட்டர்தான். 220 மீட்டர் எண்ணெயைத் தாங்கும் அதே மூடுபாறை, வாயுவில் பாதி உயரத்திலேயே கசியத் தொடங்குகிறது.

ஆய்வகத்தில் கழுத்தளவை அறிவதற்குப் பாதரசச் செலுத்தல் சோதனை பயன்படுகிறது. பாதரசத்துக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட இழுவிசை மிக அதிகம் என்பதால், அங்கே கிடைக்கும் அழுத்தத்தை, மேலே எடுத்துக்கொண்ட இழுவிசைக்குச் சுமார் 15ஆல் வகுத்தால் எண்ணெய்–நீர் அமைப்புக்குரிய அழுத்தம் வரும். வகுக்காமல் அப்படியே பயன்படுத்திய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் எந்த மூடுபாறையும் கசிவதே இல்லை.

படிந்த சூழலை மீட்டெழுதுங்கள்

ஒரு கிணற்றின் கோர் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கும் குறைவானது. அடுத்த கிணறு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இடையில் உள்ளதை நிரப்ப நமக்கு இருக்கும் ஒரே வழி, அந்த மணல் எந்தச் சூழலில் படிந்தது என்று தெரிந்துகொள்வதுதான். கடற்கரை மணல் கரையோடு நீண்டு விரியும். ஆற்றுக்கால் மணல் ஆற்றின் போக்கில் நீண்டு, குறுக்கே சட்டென்று முடியும். சூழலே அதன் வடிவத்தைச் சொல்லிவிடுகிறது.

பிரென்ட்டின் அடியில் உள்ள புரூம் கரடுமுரடான மணல். இடத்துக்கு இடம் தடிமன் மாறும். இதில் நிற்க வேண்டியதில்லை. அதன் மேலுள்ள ரானக் கவனமாகப் பார்க்க வேண்டிய அடுக்கு. புயலலைகள் கடற்கரைக்கு முன்னால் படியவைத்த நுண்மணல் அது. கோரை விளக்கின் கீழ் சாய்த்தால் மைக்காத் தகடுகள் வரிவரியாக மின்னும். அந்தத் தகடுகள் படுக்கையாகக் கிடப்பதால், பக்கவாட்டில் எளிதாக நகரும் பாய்மம் செங்குத்தாக நகரத் தடுமாறுகிறது. இதனுள் ஆங்காங்கே கால்சைட் இறுக்கிய கடினமான கட்டிகளும் உண்டு. அவை தனித்தனி உருண்டைகளா, தொடர்ந்த தகடா என்பதை ஒரு கிணற்றை வைத்துச் சொல்லிவிட முடியாது. இதே போன்றதொரு மணலில் நான் சறுக்கியதுண்டு. பணியில் சேர்ந்த புதிதில், 40 மீட்டர் மணலுக்கு 18 சதவீதம் என்று சராசரி நுண்துளைமை எழுதிக் கொடுத்தேன். நடுவில் இருந்த 60 சென்டிமீட்டர் கால்சைட் அடுக்கு சராசரியில் கரைந்துபோனது. பின்னர் அழுத்தம் அளந்தபோது, மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றை ஒன்று அறியாத இரண்டு தேக்கங்களாக இருந்தன.

ரானக்குக்கு மேலே எட்டிவ். கரையோரத் தடுப்புமணலாகவும் ஆற்றுவாய்க் கால்களாகவும் படிந்த, தூய்மையான, சற்றுப் பருத்த மணல். பல வயல்களில் ரானக் சில பத்து முதல் சில நூறு மில்லிடார்சி (ஊடுருவுதிறனின் அலகு) காட்டும் இடத்தில், எட்டிவ் ஆயிரம் மில்லிடார்சியைத் தொடுகிறது. மிதப்பால் ஏறும் எண்ணெய் ரானக்கின் முழுத் தடிமனையும் நனைத்துக்கொண்டு போவதில்லை. வழி கிடைத்தவுடன் எட்டிவுக்குள் புகுந்து, மேலே நெஸ் அடுக்கின் களியில் முட்டி, அந்தக் களியின் அடிப்பரப்பை ஒட்டிய மெல்லிய பட்டையாக நகர்கிறது. நூறு மீட்டர் மணலில் சில மீட்டர்களே உண்மையான பாதை என்பது வழக்கமான நிலை. பாதையில் நகர்ந்த எண்ணெயில் ஒரு பகுதி கழுத்துகளில் சிக்கிப் பின்தங்கிவிடும் என்பதால், பாதை மெல்லியதாக இருப்பது ஒரு வகையில் நமக்கு நன்மை. தடித்த பாதையானால் வழியிலேயே பெரும்பங்கு தீர்ந்திருக்கும்.

நெஸ் அடுக்கில்தான் சிக்கலெல்லாம். டெல்டாச் சமவெளியின் ஆற்றுக்கால்கள், கரைவழிந்த மணல், குளக் களி, நிலக்கரி ஆகியவை மாறிமாறி அமைந்தது அது. நடுவே நெடுந்தூரம் பரவிய ஒரு களியடுக்கும் உண்டு. குறுக்குவெட்டுப் படத்தில் அதன் மணற்கால்கள் களிக்கடலில் மிதக்கும் தீவுகளாகத் தெரியும்; உடனே இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். மணலுருக்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன என்று கொண்டால், இருபரிமாணப் படத்தில் அவை இணைய, மணலின் பங்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டாக இருக்க வேண்டும். முப்பரிமாணத்தில் 25 முதல் 30 சதவீதமே போதும். காகிதத்தில் பிரிந்திருக்கும் இரண்டு கால்கள், காகிதத்துக்குப் பின்னால் எங்கோ ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே மணலின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டினால் இணைப்பையும், 15 சதவீதத்துக்குக் கீழிருந்தால் தனிமையையும் முதல் ஊகமாகக் கொள்ளுங்கள். இடைப்பட்ட பகுதியில் ஊகத்துக்கே இடமில்லை; அழுத்தத் தரவு வேண்டும்.

மேலே உள்ள டார்பர்ட், கடல் மீண்டும் நிலத்தை மூடியபோது அலைகள் கிளறிப் பரப்பிய மணல். பல இடங்களில் நல்ல தேக்கப்பாறை.

கடலடியில் உள்ளதைக் கண்ணால் காண முடியாது என்பதால், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரைப் பாறைகளை நிலவியலாளர்கள் பிரென்ட்டுக்கு இணையாகப் படிக்கிறார்கள். அவை அதே நடு ஜுராசிக் காலத்தில் அதையொத்த டெல்டாவில் படிந்தவை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் திருவக்கரை பக்கத்தில் இருக்கிறது. கல்மரங்களைப் பார்க்கப் போகிறவர்கள், அவற்றைத் தாங்கி நிற்கும் கடலூர் மணற்கல்லின் வெட்டுமுகத்தையும் பாருங்கள். சரளை, பருமணல், களி ஆகியவை சில அடிகளுக்குள் மாறுவதை விரலால் தொட்டறியலாம். அதற்கு வயது மிகக் குறைவு, எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் ஆற்றுமணலின் குணம் எந்தக் காலத்திலும் ஒன்றுதான்.

புதைந்த பின் நேர்ந்ததைக் கணக்கில் சேருங்கள்

படிந்தபோது இருந்த வேறுபாடு அப்படியே நிலைப்பதில்லை. மேலே சுமை ஏற ஏற, மணிகள் நெருங்குகின்றன. மென்மையான களித்துணுக்குகள் நசுங்கித் துளைகளை அடைக்கின்றன. வெப்பநிலை 70–80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் குவார்ட்ஸ் மணிகளின் மேல் புதிய குவார்ட்ஸ் வளரத் தொடங்குகிறது. மிகத் தூய்மையான மணலில்தான் இது தடையின்றி வளரும் என்பது இதில் உள்ள முரண். மணிகளின் மேல் மெல்லிய குளோரைட் பூச்சு இருந்தால், குவார்ட்ஸ் ஒட்டிக்கொள்ள இடமின்றித் துளைகள் தப்பிவிடும். நார்வேயின் கடற்பகுதியில் 4 கிலோமீட்டருக்கும் கீழே நல்ல நுண்துளைமையோடு மணற்கற்கள் கிடைப்பதற்கு இந்தப் பூச்சு ஒரு முக்கியக் காரணம்.

இல்லைட் என்ற களிக்கனிமத்துக்குத் தனி எச்சரிக்கை தேவை. ஆழத்தில், 120 டிகிரி வெப்பத்தை ஒட்டியும் அதற்கு மேலும், இது துளைகளுக்குள் மயிரிழைகளாக வளர்கிறது. நுண்துளைமை பெரிதாகக் குறையாது. எனவே லாக் (கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த அளவீட்டுப் பதிவு) பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஊடுருவுதிறன் மட்டும் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று சரிந்துவிடும். வட கடலின் தென்பகுதியில் உள்ள ரோட்லீகண்ட் மணற்கல்லில் இது பெருந்தொல்லை. கோரை அறைக்காற்றில் சாதாரணமாக உலர்த்தினால், இந்த இழைகள் ஈரத்தலைமுடிபோல் துளைச்சுவரில் ஒட்டிப் படுத்துவிடும். ஆய்வகம் தரும் ஊடுருவுதிறன் நிலத்தடியில் உள்ளதைவிடப் பல மடங்கு மிகையாக இருக்கும். ஆய்வக முடிவைக் கையில் வாங்கியவுடன், கோரை எப்படி உலர்த்தினார்கள் என்று கேளுங்கள்.

எந்தப் பிணைப்பு எப்போது வளர்ந்தது என்பது எண்ணெய்ப் பாதைக்கு உயிர்நாடி. இன்று அளக்கும் ஊடுருவுதிறன் இன்றைக்குரியது. எண்ணெய் நகர்ந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன். பிணைப்பு முந்தி எண்ணெய் பிந்தி வந்திருந்தால், அது பாதையையே மாற்றியிருக்கும். எண்ணெய் முந்தியிருந்தால், இன்று இறுகிக் கிடக்கும் பாறையும் அன்று திறந்த வழியாக இருந்திருக்கும். புதைவு வரலாற்றை வரைந்து, தாய்ப்பாறை எண்ணெய் ஈந்த காலத்தையும் மணற்கல் வெப்ப எல்லைகளைத் தாண்டிய காலத்தையும் ஒரே கால அச்சில் வைத்துப் பாருங்கள்.

பாதையை வரைதல்

பிரென்ட் வயல்களின் தாய்ப்பாறை கிம்மரிட்ஜ் களிப்பாறை. அது பிரென்ட்டைவிட இளையது. அடுக்கு வரிசையில் மேலே இருப்பது. மேலே உள்ள பாறையிலிருந்து கீழே உள்ள மணலுக்கு எண்ணெய் எப்படி வந்தது என்று புதியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் நிலம் இழுபட்டு, பிளவுப்பெயர்ச்சிகளால் (பாறை பிளந்து இரு பக்கமும் இடம்பெயர்ந்த முறிவுகள்) துண்டுதுண்டாகச் சாய்ந்தது. பள்ளத்தில் விழுந்த பகுதியில் கிம்மரிட்ஜ், பக்கத்துத் துண்டின் உச்சியில் நிற்கும் பிரென்ட்டைவிடப் பல நூறு மீட்டர் ஆழத்துக்குப் போய், அங்கே வெந்து எண்ணெய் ஈன்றது. இந்த இடத்தைத் துறையில் ‘கிச்சன்’ என்றே சொல்கிறார்கள். அங்கிருந்து பிளவுப்பெயர்ச்சியின் குறுக்கேயும், சாய்ந்த அடுக்குகளின் வழியேயும் எண்ணெய் உச்சிக்கு ஏறியது. அடித்தளப் பாறை மேடுகளும் பள்ளங்களுமாக உடைந்த காவிரிப் படுகையின் ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம் அடுக்குகளைப் படிப்பவர்களும் இந்த வரைமுறையைக் கைக்கொள்ளலாம்.

பாதையை வரைய, மணற்கல்லின் மேற்பரப்பு என்று பொதுவாகச் சொல்லப்படும் பரப்பை எடுக்காதீர்கள். கடத்தும் அடுக்கு எதுவோ, அதை மூடும் முதல் தொடர்ச்சியான தடையின் அடிப்பரப்பை எடுத்துச் சமவுயரக் கோடுகள் போடுங்கள். பிரென்ட்டில் எட்டிவ் பாதைக்கு ஒரு வரைபடம், டார்பர்ட் பாதைக்கு இன்னொன்று. இரண்டிலும் எண்ணெய் ஒரே உச்சிக்குப் போகும் என்று நினைப்பது தவறு. நெஸ் களியின் தடிமன் மாறுவதால் இரண்டு பரப்புகளின் சரிவும் மாறும், சிறிய சரிவு மாற்றம் பல கிலோமீட்டர் தள்ளி வேறு பொறிக்கு (எண்ணெய் சிக்கித் தேங்கும் இடம்) கொண்டுபோய்விடும். சமவுயரக் கோடுகளுக்குச் செங்குத்தாக, மேல்நோக்கி அம்பு போட்டுக்கொண்டே போங்கள். அம்புகள் குவியும் முகடுகளே முதன்மைப் பாதைகள்.

வழியில் ஒரு பொறி நிரம்பினால், அதன் வழிவு முனையிலிருந்து (நிரம்பிய பொறி வழியத் தொடங்கும் இடம்) எஞ்சியது அடுத்த பொறிக்கு ஏறும். வாயு மேலே, எண்ணெய் கீழே என்று அடுக்கிக்கொள்வதால், வழிவு முனையில் முதலில் வெளியேறுவது எண்ணெய்தான். வாயு தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், ஆழத்தில் உள்ள பொறியில் வாயுவும், அதற்கு மேலே உள்ளவற்றில் எண்ணெயும், கடைசியில் நீரும் என்று தலைகீழான வரிசை அமையும். இந்த விளக்கத்தை 1954இல் நிலவியலாளர் கசோ முறையாக எழுதிவைத்தார். வரிசை இப்படி அமையாமல் குலைந்திருந்தால், மூடுபாறைக் கசிவோ, பாதையில் விடுபட்ட ஒரு தடையோ இருக்கிறது என்று பொருள்.

பிளவுப்பெயர்ச்சியைக் கோடாக வரைந்துவிட்டு நகராதீர்கள். எந்த மணல் எதிர்ப்பக்கத்தில் எந்தப் பாறையை முட்டுகிறது என்று அதன் முகத்தில் இரு பக்கங்களையும் வரைந்து பாருங்கள். மணலை மணல் முட்டும் இடத்தில், பெயர்ச்சியின்போது இழுபட்டு அரைந்த களி எவ்வளவு என்று கணக்கிடுங்கள். பெயர்ச்சி 50 மீட்டர். அந்த இடத்தைக் கடந்துபோன 50 மீட்டர் பாறையில் களி 8 மீட்டர், மீதி 42 மீட்டர் மணலில் களிப்பங்கு 5 சதவீதம் எனில், மொத்தக் களி 10.1 மீட்டர், விகிதம் சுமார் 20 சதவீதம். பொதுவாக 15–20 சதவீதத்துக்குக் கீழே பெயர்ச்சித்தளம் கசியும் என்றும், அதற்கு மேல் தாங்கத் தொடங்கும் என்றும் கொள்கிறார்கள். எனவே ரானக்–எட்டிவ் மட்டும் கடந்த இடத்தில் கசியும் ஒரு பிளவுப்பெயர்ச்சி, நெஸ் களி கடந்த இடத்தில் அணையாகிவிடும். தடை பிளவுப்பெயர்ச்சியால் வருகிறது என்று எழுதினாலும், அதைத் தீர்மானிப்பது மணற்கல் அடுக்கின் சீரின்மைதான்.

நிலத்தடி நீர் நகர்ந்துகொண்டிருந்தால் இன்னொரு திருத்தம் வேண்டும். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு கிடக்கும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதை அறிந்தவர்களுக்கு, மணற்கல்லுக்குள் நீரின் வலிமையைச் சொல்லத் தேவையில்லை. நீர்மட்ட உயரம் கிலோமீட்டருக்கு 2 மீட்டர் சரிந்தால், மேற்கண்ட அடர்த்திகளுக்கு எண்ணெய்–நீர் எல்லை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9 மீட்டர் சாயும். தட்டையான எல்லையை எதிர்பார்த்து ஓரத்தில் தோண்டிய கிணறு இதனால் எண்ணெயின்றிப் போகும். எண்ணெய் கனமாக, அதாவது நீரின் அடர்த்தியை நெருங்கியதாக இருந்தால் சாய்வு இன்னும் கூடும். வாயுவுக்கு இது பெரும்பாலும் புறக்கணிக்கத்தக்கது.

மணலே முடியும் இடத்தில் பொறி

மடிப்பும் பிளவும் இல்லாமல், மணற்கல் தானே மெலிந்து முடிவதால் உண்டாகும் பொறிகளில் புகழ்பெற்றது கிழக்கு டெக்சாஸ் வயல். அங்கே உட்பைன் மணற்கல் கிழக்கு நோக்கி ஏறிக்கொண்டே போய், சபைன் மேட்டின் ஓரத்தில் அரிப்புத் தளத்தால் வெட்டப்பட்டு முடிகிறது. மேலே ஆஸ்டின் சுண்ணாம்புப் பாறை மூடியிருக்கிறது. மேல்மடிப்பு (வில்போல் மேலே வளைந்த அடுக்கு) ஏதும் தெரியாததால், அங்கே எண்ணெய் இராது என்று நிலவியலாளர் பலர் கருதியிருந்தனர். 1930 அக்டோபரில் ஜாய்னர் என்ற முதியவர் தோண்டிய டெய்சி பிராட்ஃபோர்டு மூன்றாம் கிணறு எண்ணெய் தந்தது. அந்த டிசம்பரிலும் அடுத்த சனவரியிலும் வடக்கே வெகுதொலைவில் இன்னும் இரண்டு கிணறுகள் எண்ணெய் தந்தபோது, மூன்றும் தனித்தனி வயல்கள் என்றே முதலில் எண்ணினர். மூன்றும் ஒரே வயல். இதுவரை 500 கோடி பீப்பாய்க்கு மேல் எண்ணெய் எடுத்தாயிற்று.

இந்த வெற்றியைப் படித்துவிட்டு, மணல் மெலியும் எல்லாக் கோட்டிலும் பொறி இருப்பதாக வரைபவர்கள் உண்டு. மணல் வெட்டுப்பட்டு முடிவது வேறு, படிப்படியாக வண்டலாக மாறி முடிவது வேறு. இரண்டாவதில், நல்ல மணலுக்கும் உண்மையான மூடுபாறைக்கும் இடையே ஓர் இடைமண்டலம் இருக்கும். எண்ணெய் உற்பத்தி செய்ய முடியாத அளவுக்கு இறுகியது, ஆனால் எண்ணெயைத் தடுக்க முடியாத அளவுக்குத் திறந்தது. முன்சொன்ன கணக்கில் 1 மைக்ரான் கழுத்துள்ள பாறை அது. 22 மீட்டர் உயரத்துக்கு மேல் சேர்ந்த எண்ணெய் அதற்குள் கசிந்து ஏறி வீணாகிவிடும். சரிவு மென்மையாகவும் இடைமண்டலம் அகலமாகவும் இருந்தால், வரைபடத்தில் பெரிதாகத் தெரியும் பொறியில் தோண்டத்தக்க எண்ணெய் எதுவும் எஞ்சாது. ஆகையால் மணல் முடியும் கோட்டோடு, இடைமண்டலம் முடியும் கோட்டையும் தனியாக வரையுங்கள். மூடுபாறைக்குள் மெல்லிய மணல்வரி ஏதேனும் இருக்கிறதா என்று காமா லாக்கில் (களியையும் மணலையும் பிரித்துக் காட்டும் பதிவு) தேடுங்கள். அரை மீட்டர் வரி போதும், மேலே உள்ள நூறு மீட்டர் களியைப் பொருளற்றதாக்க.

அழுத்தத்தால் சரிபாருங்கள்

இதுவரை வரைந்த அனைத்தும் கருதுகோள். கிணற்றில் பல ஆழங்களில் அளந்த, பாறைத் துளைகளில் உள்ள பாய்மத்தின் அழுத்தத்தை, ஆழத்துக்கு எதிராகப் புள்ளிகளாகப் போடுங்கள். உவர்நீரில் மீட்டருக்கு 10 கிலோபாஸ்கல், எண்ணெயில் 7 முதல் 8, வாயுவில் பெரும்பாலும் 2க்குக் கீழே என்று கோடுகளின் சரிவு மாறும். கோடுகள் வெட்டும் ஆழமே பாய்ம எல்லை. ஒரே சரிவுள்ள இரண்டு எண்ணெய்க் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இணையாக விலகி நின்றால், இடையில் தடை இருக்கிறது. நெஸ் போன்ற அடுக்கில் நீர்மணலும் எண்ணெய்மணலும் மாறிமாறி வந்து, ஒவ்வொன்றுக்கும் வேறு எல்லை தெரிந்தால் வியப்படைய வேண்டாம். பாதையோடு இணையாத கால்கள் நிரம்பாமலே விடப்பட்டிருக்கின்றன.

ஆனால் அழுத்தக் கோடுகள் ஒன்றாகப் படிந்தால் இணைப்பு உறுதி என்று முடிவுகட்டுவதும் பிழை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மிக மெல்லிய கசிவும் அழுத்தத்தைச் சமன்செய்துவிடும். எண்ணெய் எடுக்கத் தொடங்கிய சில மாதங்களில் அதே தடை சுவராக நின்று, ஒரு பக்கம் அழுத்தம் சரிய மறுபக்கம் அசையாதிருப்பதைக் காணலாம். உற்பத்திக்கு முன் எடுத்த அளவீட்டையும், பின் எடுத்ததையும் ஒரே தாளில் போட்டுப் பார்க்கும் வரை அந்த முடிவைத் தள்ளிவையுங்கள்.

இறுதியாக, எண்ணெய்–நீர் எல்லைக்குக் கீழே எடுத்த கோரைப் புறவூதா விளக்கின் கீழ் வையுங்கள். நீர்ப்பகுதி முழுதும் இருண்டிருந்தால், எல்லை அதன் தொடக்கம் முதல் அங்கேயே இருந்திருக்கக்கூடும். இருண்ட மணலின் நடுவே ஒரு பட்டை மட்டும் ஒளிர்ந்தால், எண்ணெய் பக்கத்திலிருந்து அந்தப் பட்டை வழியாகக் கடந்து சென்றிருக்கிறது. அது எந்த அடுக்கு என்று குறித்துக்கொண்டு, பாதை வரைபடத்தை அந்த அடுக்குக்கு மாற்றி வரையுங்கள். எல்லைக்குக் கீழே தொடர்ந்து பல மீட்டர் ஒளிர்ந்தால், பொறி ஒரு காலத்தில் அதுவரை நிரம்பியிருந்து பின் கசிந்திருக்கிறது. அப்போது தேட வேண்டியது மூடுபாறையில் எங்கோ உள்ள அந்த ஒரு அகன்ற கழுத்தையும், அதற்கு மேலே காத்திருக்கக்கூடிய அடுத்த மணலையும்.